கோவளத்தில் வலித்த கதை

கோவளத்துக்கு என்று நாங்கள் கிளம்பவில்லை. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினோம். என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் நெஞ்சில் அடைப்பு வந்து அங்கேதான் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மறுபரிசோதனை. அது முடிந்தால், அவர் இனி வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பெரிய டாக்டர் சொல்லிவிடுவார்.

வேலை என்றால் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. சங்கரன்கோவிலில் ஒரு ஹோட்டலில் முப்பது வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். மைதாவைப் பிசைந்து, வீசி, சுருட்டி, அனல் அடிக்கிற கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து நான் அவரைக் கல் பக்கம் விடவில்லை. ஹோட்டல் அண்ணாச்சியிடம் நானே போய், இனி வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அவர் வாசல் பக்கம் நாற்காலியில் இருப்பார். மாவு வாளியைத் தூக்க எழுந்தால் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் எதற்குக் கவலைப்படலாம், எதற்கு வேண்டாம் என்று பிரித்துவைத்திருப்பார்கள் போல. எனக்கு அது தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி படுவேன். இந்தப் பயணத்துக்கே அவருடைய மாத்திரைகளை மூன்று பையில் பிரித்துவைத்தேன், ஒரு பை தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மட்டும் என் முந்தானை முடிச்சில் இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளை அவரை உட்கார வைத்து, தாளில் எழுதிக்கொண்டே கேட்டது: "நெஞ்சில் வேதன உண்டோ?"

அடடா, இந்த ஊரில் மனக்கஷ்டத்தையும் கேட்டு எழுதுகிறார்களே என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். பிறகு, "உண்டு" என்றார்.

"எப்போழா?"

"சும்மா உக்காந்திருக்கும்போது."

"நடக்கும்போழோ?"

"நடந்தா இல்லம்மா. வேலை செஞ்சா இல்லவே இல்ல."

அந்தப் பிள்ளையின் பேனா நின்றது. எழுந்து போய் ஒரு சின்ன டாக்டரைக் கூட்டிவந்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்தார்கள். திரும்பவும் ஒட்டி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். எனக்கு அதிலெல்லாம் கவனமே இல்லை. அந்த 'உண்டு'தான் காதில் நின்றது. இவருக்கு என்ன வேதனை? என்னிடம் சொல்லாத வேதனை, முன்பின் தெரியாத நர்ஸ் பிள்ளையிடம் சொல்லுகிற வேதனை?

கடைசியில் சின்ன டாக்டர் வந்து, "குழப்பமில்லா. திங்கள்கிழமை வரணும், மெஷின்ல நடத்திப் பாக்கணும், பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லும்" என்றார். குழப்பமில்லை என்றால் இங்கே பயமில்லை என்று அர்த்தமாம். எனக்கு அப்போதுதான் இரண்டும் ஆரம்பித்தன.

திங்கள் வரை எங்கே இருப்பது? ஆரியசாலையில் என் பெரியம்மா மகன் சுடலைமுத்து அண்ணன் இருக்கிறார். மிளகாய் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறார். அவர் வீட்டில் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்திருந்தார்கள். கால் நீட்ட இடமில்லை. முப்பது வருஷம் சாலைக் கடைத்தெருவில் இருந்ததில் அண்ணன் பேச்சில் பாதித் தமிழ் இறங்கிப்போய்விட்டது.

"ஆஸ்பத்திரி பக்கத்துல மூட்டப்பூச்சி ரூமுக்குக் கொடுக்குற ரூபாயில, கோவளத்துல கடலப் பாத்துக் கெடக்கலாம் கேட்டோ" என்றார். "ஓணம் கழிஞ்சு போச்சு, வெள்ளக்காரன் இன்னும் வரல. இப்ப ரூமெல்லாம் சும்மாதான் கெடக்கு. நம்ம கடையில மொளகாப் பொடி வாங்குற செலின்னு ஒரு அம்மா மாடியில ரூம் விடுது. நான் விளிச்சுச் சொல்லுதேன்."

"கடலா? இவருக்கு நெஞ்சு…"

"தங்கச்சி, கடலு ரூமுக்குள்ள கேறி வராது. மாப்ளே, நீரு என்ன சொல்லுதீரு?"

அவர் அதற்குள் காலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம். அங்கே பஸ்ஸில் பெண்களுக்கு முன்பக்கம், ஆண்களுக்குப் பின்பக்கம். நான் நான்கு பைகளோடு முன்னால் உட்கார்ந்தேன். அவர் எங்கேயோ பின்னால். நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் கழுத்தில் சுளுக்கு என்று நினைத்து, ஏதோ தைலத்தின் பெயரைச் சொன்னார்.

"கோவளம், கோவளம்" என்று கண்டக்டர் கத்தியதும் பைகளை அள்ளிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினேன். பின்வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இறங்கவில்லை. மணி அடித்தது. பஸ் போய்விட்டது. பின் ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. கை காட்டினார், டாட்டா காட்டுவது மாதிரி.

போன் என்னிடம். மாத்திரை என்னிடம். பிரித்துவைத்த மூன்று மாத்திரைப் பையும் என்னிடம். நடு ரோட்டில் நின்று கத்தியிருக்கிறேன். ஆட்டோக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"எந்து பற்றி அம்மா?" என்றார் ஒருவர், என்ன ஆச்சு என்று.

"எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு!"

அவர் முகம் மாறியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். "எப்போழா?"

"இப்பத்தான்! இந்த நிமிசம்!"

"எவிடெ வச்சு?"

"பஸ்ஸுல!"

இன்னும் இரண்டு பேர் துண்டை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். நல்லவேளை, தமிழ் தெரிந்த ஒருவர் விசாரித்து, "ஓ, ஆள் ஜீவனோட உண்டு, விழிஞ்ஞத்துக்குப் போயிட்டுண்டு" என்று அறிவித்தார். எல்லாரும் துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். ஆட்டோவில் துரத்திப் பிடிக்கலாம் என்றார்கள். நான் போய், அவர் இங்கே வந்துவிட்டால்? இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவர் நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் எண்ணெய் ஊறிய காகிதத்தில் பழம்பொரி.

"அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வந்தேன். நல்ல காத்து" என்றார்.

"ஐயோ, மூச்சு வாங்குதா?"

"ஒனக்குத்தான் வாங்குது. இந்தா, தின்னு. நேந்திரம்பழம், மாவுல முக்கிப் பொரிச்சிருக்கான். எண்ணெய் புதுசு."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

செலின் சேச்சியின் வீடு பிரதான கடற்கரையிலிருந்து தள்ளி, தென்னந்தோப்புக்குள் இருந்தது. மாடியில் இரண்டு அறை. ஒன்றில் எண்ணெய் வைத்தியத்துக்கு வந்திருந்த ஒரு ஜெர்மன்கார அம்மா. இன்னொன்று எங்களுக்கு. கட்டில், ஃபேன், ஒரு ஜன்னல். ஜன்னலில் தென்னைமரம், அதற்குப் பின்னால் கடல். நான் முதலில் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். பிறகு, அந்தத் தென்னைமரம் சாய்ந்தால் எங்கே விழும் என்று பார்த்தேன். பக்கத்து வீட்டில்தான் விழும். நிம்மதி.

சேச்சி என்றால் அக்காவாம்; நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் சீரியல் பார்த்தே தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் அவர் பேசினால் பின்னால் இசை கேட்கிற மாதிரி இருக்கும். "வாங்க! இந்த வீட்டுல காலடி எடுத்து வைங்க!" என்றுதான் வரவேற்றார். பஸ் கதையைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்து, "என்ன ஒரு சோதனை!" என்றார். பிறகு சாதாரணக் குரலுக்கு வந்து, "அண்ணே, பஸ்ஸுல மிண்டாம இருந்தா கொண்டு போயிரும். 'ஆள் இறங்ஙான் உண்டே'ன்னு சத்தமாப் பறயணும்" என்று சொல்லிக்கொடுத்தார். இறங்க ஆள் இருக்கிறது என்று அர்த்தமாம். இவர் படியேறும்போதே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக, சுடச்சுட இருந்தது. குழாயில் துரு என்று நினைத்துத் தொடவில்லை. ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைப்பதாம், உடம்புக்கு நல்லதாம். அவர் மூன்று டம்ளர் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு நானும் குடித்தேன். சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. சிவப்பு. புளிக்குப் பதிலாக மீனில் குடம்புளி. எங்கள் ஊர்ப் புளி நாக்கில் நிற்கும், இது தொண்டையில் போய் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போனோம். எனக்குத் தெரிந்த கடல் திருச்செந்தூர்க் கடல். அங்கே ஓர் ஓரமாக முங்கி எழுந்து, நாழிக்கிணற்றுக்கு ஓடி, ஈரத்துணியோடு சாமி பார்க்க வரிசையில் நிற்க வேண்டும். கடலுக்கென்று தனியாக ஒருவரும் போவதில்லை. இங்கே டி.வி. முன்னால் கிடப்பதுபோலக் கடலுக்கு முன்னால் கிடக்கிறார்கள். ஒருவருக்கும் அடுத்த வேலை இருப்பதாகத் தெரியவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரைவிளக்கம். அதற்குக் கீழே வரிசையாகக் கடைகள், பாதி பூட்டியிருந்தன. சேலை, சிப்பி, முத்துமாலை விற்கிறவர்கள் எங்களைப் பார்த்ததும் எங்களைத் தாண்டிப் பார்த்தார்கள். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஜெர்மன்கார அம்மா எங்களைத் தாண்டித் தண்ணீருக்குள் போனார். எழுபது வயது இருக்கும். அலை வந்து புரட்டியது, எழுந்தார், திரும்பவும் புரட்டியது, சிரித்தார்.

"நானும் கொஞ்சம் நனைக்கட்டா?" என்றார் இவர்.

"கணுக்கால் வரைக்கும்."

கணுக்கால் வரை நனைத்தார். நான் பின்னால் நின்று அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டேன். போட்டோ எடுத்துத் தரவா என்று வந்த ஒரு ஆள் எங்களைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே போய்விட்டார்.

சாயங்காலம் சாலையோரத்துக் கடையில் உட்கார்ந்தோம். பரோட்டா போடுகிற ஆள் வங்காளத்துக்காரர். இவர் தட்டைப் பார்க்கவே இல்லை, அந்த ஆளின் கைகளைத்தான் பார்த்தார். அந்தக் கை மாவை வீசும்போதெல்லாம் இவர் வலது கை மேசைமேல் தானாகத் திரும்பியது. நாய் கனவில் கால் ஆட்டுமே, அந்த மாதிரி.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"மாவு ஊறல. அவன் குத்தமில்ல. அவசரப்படுத்தியிருப்பாங்க."

அப்போதே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஒங்களுக்கு என்ன வேதனை?"

"எனக்கா? என்ன வேதனை?"

"நர்ஸ் பிள்ளைகிட்ட உண்டுன்னு சொன்னீங்களே."

"அது கேட்டுச்சு, சொன்னேன்."

"நான் கேட்டா சொல்ல மாட்டீங்களா?"

அவர் பரோட்டாவைப் பிய்த்தார். அடுக்கு பிரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாப்பிடு. ஆறிப்போச்சுன்னா ரப்பரு" என்றார்.

படுத்தபிறகு ஒவ்வொன்றாக யோசித்தேன். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தது தூரம் என்று வேதனையா? தம்பி வீட்டு வேலிப் பிரச்சினையா? இல்லை, நான்தானா? அவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். குறட்டை நின்றால் எழுந்து பார்த்தேன். விட்டால் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவர், "சேவியர் அண்ணன் வலை போட்டுருக்காராம். பாத்துட்டு வாரேன்" என்று இறங்கினார். சேவியர் என்பவர் செலின் சேச்சியின் வீட்டுக்காரர். கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற பெரிய வலை அவருடையது. "நாளைக்கு ஞாயிறு, பள்ளி நாளு. வலை போடாது. இன்னிக்குத்தான் பாக்கணும்" என்று சேச்சியும் சொன்னார். சர்ச்சைத்தான் இங்கே பள்ளி என்கிறார்கள். பார்க்கத்தானே, போகட்டும் என்று விட்டேன். அடுக்களை ஜன்னலில் இருந்து கரை பாதி தெரிந்தது.

நான் சேச்சிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தேன். வாய் சும்மா இருக்குமா? மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "ஒங்க ஊரு ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி சேச்சி. மனசு வேதனையைக்கூடக் கேட்டு எழுதுதாங்க."

"மனசா?" சேச்சி மீனைக் கழுவுவதை நிறுத்தினார். "எந்தா கேட்டாங்க?"

"நெஞ்சில் வேதனை உண்டோன்னு. இவரு உண்டுன்னுட்டாரு."

சேச்சி என்னையே பார்த்தார். "அய்யோ சேச்சி. சீரியல்ல 'என் வேதனை உனக்குப் புரியாது'ன்னு அழுமே, அது தமிழு. இங்க வேதனைன்னா… ஒங்க வலி. பல்லு வேதனை, தலை வேதனை. நெஞ்சில் வேதனைன்னா நெஞ்சு வலி."

தேங்காய் மூடி கையில் இருந்து உருண்டது. நெஞ்சு வலி உண்டு என்றாரா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது என்றாரா? அதற்குத்தானா இரண்டு தரம் வயர் வைத்தார்கள்? மூன்று நாளாக நான் வேலிப் பிரச்சினையை அல்லவா யோசித்துக்கொண்டிருந்தேன்!

அந்த நேரம் பார்த்து, கடற்கரையில் இருந்து பத்திருபது ஆம்பிளைக் குரல்கள் சேர்ந்து கேட்டன.

"வலிக்கு! வலிக்கு! வலிக்கெடா, வலிக்கு!"

எங்கள் பக்கம் வலிக்கிறது என்று நீட்டிச் சொல்ல மாட்டோம். கால் வலிக்கு, தலை வலிக்கு, அவ்வளவுதான். அந்தக் குரல்களில் அவர் குரலும் இருந்தது. முப்பது வருஷமாகக் கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா? "வலிக்கு!"

ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே ஓடினேன். பின்னால் சேச்சி, "நில்லு சேச்சி! அது அதில்ல!" என்று கத்திக்கொண்டு வந்தார். மணலில் கால் புதைந்தது.

கரையில் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசையாக ஆட்கள் பின்னால் சாய்ந்து நின்றார்கள். நடுவில் என் வீட்டுக்காரர். சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் சிவந்து, வாயைப் பிளந்து, "வலிக்கு!" என்று கத்துகிறார். யாரும் அவரை விடவில்லை. எல்லாரும் அவரோடு சேர்ந்து கத்துகிறார்கள்.

"விடுங்க அவரை! விட்டுருங்க!" என்று போய் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

முன்னால் நின்ற சேவியர் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாக, "ஆ, சேச்சி! வலிக்கு, வலிக்கு!" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல! அவருக்குத்தான் வலிக்கு!"

"அண்ணன் நல்லா வலிக்குது. சேச்சியும் வலிக்கு!"

என்ன மனிதர்கள் இவர்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கயிற்றை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"ஏளா, என்ன செய்யுத? வலிக்குன்னா இழுன்னு அர்த்தம். வலை இழுக்கோம்."

"நெஞ்சு வலிக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னீங்களா இல்லையா?"

"நெஞ்சு வலியா? நான் எப்ப சொன்னேன்?"

"வேதனை உண்டுன்னு சொன்னீங்கள்ல? இங்க வேதனைன்னா வலியாம்! சேச்சி சொல்லிட்டாங்க!"

அவருக்கு அது புரிய ஓர் இழுப்பு நேரம் ஆனது. "அடச்சீ. அந்தப் பிள்ள வலியவா கேட்டுச்சு?" என்றார். அடுத்த இழுப்புக்குச் சாய்ந்தார். "எனக்கு ஒரு வலியும் இல்ல. வேதனைன்னா வேதனைதான். பத்து மாசமா நாற்காலியில உக்கார வச்சு, மாவு வாளியத் தொட்டாக்கூடப் பிடுங்குத. அண்ணாச்சிகிட்ட போயி வரமாட்டார்னுட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அது வேதனை இல்லாம என்னளா?"

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சேவியர் அண்ணன் அங்கிருந்து கத்தினார். அவர் மலையாளத்தில் சொன்னதைச் சேச்சி எனக்குச் சொன்னார்: "புருஷன் பொண்டாட்டி சண்டை அப்புறம். வலை தொங்குது."

என் கை ஏற்கெனவே அவர் இடுப்பில் இருந்தது. அங்கிருந்து கயிற்றுக்கு மாற்றிக்கொண்டேன். கயிறு ஈரமாக, முரடாக, உயிருள்ளது மாதிரி அந்தப் பக்கம் இழுத்தது. மாவு வாளி தூக்கிய கைதான் எனக்கும். பின்னால் சாய்ந்தேன். எனக்கு முன்னால் அவர் முதுகு. வியர்வை வழிந்தது, தோள்பட்டை ஏறி இறங்கியது. மூச்சைக் கவனித்தேன். சீராகத்தான் இருந்தது. முதலில் வாய்க்குள்ளும், பிறகு எல்லாரையும் போலச் சத்தமாகவும் சொன்னேன்: "வலிக்கு!"

அவ்வளவு இழுத்து வந்தது கொஞ்சம் நெத்திலி, நாலைந்து சாளை மீன், நிறைய பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு. செருப்பு என்னுடையது இல்லை. எல்லாருக்கும் பங்கு பிரித்தார்கள். எங்களுக்கும் ஒரு பிடி நெத்திலி. எனக்குத் தனியாக ஒரு சாளை. "சேச்சி ஓடி வந்ததுக்கு" என்றார் சேவியர் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வலை தென்னந்தோப்பில் காய்ந்தது. மத்தியானத்துக்கு அண்ணன் கையால் பரோட்டா கிடைக்குமா என்று சேச்சி போகும்போதே கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாளைக்கு மெஷினில் நடக்க வேண்டும். அது என்ன சொல்லுமோ? இருந்தாலும் முந்தின நாள் கேட்டது காதில் கிடந்தது.

"உக்காந்து பிசைங்க" என்றேன்.

"உக்காந்து பிசைஞ்சா அது சப்பாத்தி" என்றார்.

நின்றுதான் பிசைந்தார். ஈரத்துணி போட்டு மாவை ஊறவைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் ஒருவரையும் கிட்டே விடவில்லை. பிறகு வீசினார். மாவு விரிந்து விரிந்து, அடுக்களை ஜன்னல் வெளிச்சம் அதற்குள் தெரிந்தது. ஜெர்மன்கார அம்மா படியில் உட்கார்ந்து கை தட்டினார். நான் நாக்கடி மாத்திரையைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். வீசி முடித்து அவர் திரும்பிச் சிரித்தபோது அது என் வியர்வையில் கரைந்து பாதியாகியிருந்தது.

சேச்சி முதல் வாயைத் தின்றுவிட்டுக் கண்ணை மூடினார். "இத்தனை நாள் இந்தக் கலைஞனை எங்கே மறைத்து வைத்திருந்தாய்?" என்றார். சீரியல் வசனம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை மெஷினில் நடந்தார். நான் கதவுக்கு வெளியே அந்த மெஷினின் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய டாக்டர் தாளைப் புரட்டினார். வியாழக்கிழமை நர்ஸ் பிள்ளை எழுதியதையும் பார்த்தார்.

"நெஞ்சில் வேதன உண்டோ?"

"இல்ல டாக்டர்" என்றார் இவர். "அன்னைக்கு இருந்துச்சு. இப்ப அது தீந்துபோச்சு."

டாக்டருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. நான் விளக்கலாம் என்று தொடங்கினேன். அதற்குள் அவர் தாளைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்: "வலிக்குமோ?"

இவர் முகம் மலர்ந்தது. மூன்று நாளில் கற்றுக்கொண்ட மலையாளம் அல்லவா?

"நல்லா வலிப்பேன் டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்தார். "ஸ்டென்ட் வச்சிட்டு, இப்போழும் வலிக்குமோ?"

"சனிக்கிழமைகூட வலிச்சேன். கடற்கரையில எல்லாரும் சேந்துதான் வலிச்சோம். இவளும் வலிச்சா."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இவங்களுமா?"

"அவரு சொல்லுற அளவுக்கு இல்ல டாக்டர்" என்றேன். "கடைசியிலதான். எல்லாரும் சொன்னாங்கன்னு."

பிறகு அவர் திட்டினார் பாருங்கள். நான் தலை குனிந்து கேட்டேன். இத்தனை வயதுக்கு வெட்கமில்லையா, உயிர்மேல் ஆசை இல்லையா, பீடியா சிகரெட்டா… அங்கே வந்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த ஊரில் பீடி இழுப்பதும் வலிப்பதுதான்! நர்ஸ் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றது.

"ஐயையோ டாக்டர்! பீடி இல்ல! வலை! மீன் வலை!" என்று கயிற்றை இழுப்பதுபோல இரண்டு கையாலும் காட்டினேன். இவரும் எழுந்து பக்கத்தில் நின்று காட்டினார். டாக்டர் அறையில் நாங்கள் இருவரும் காற்றைப் பிடித்து வலித்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். "கயிறு வலிக்கிற ஆளுக்கு மெஷின் எந்தினா?" என்றார், மெஷின் எதற்கு என்று. பிறகு தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது. வேலைக்குப் போகலாம். முதலில் அரை நாள். அனலில் இருந்து அடிக்கடி தள்ளி நிற்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மாத்திரையை விடக் கூடாது. "வலி வந்தா," என்று நிறுத்தி, விரலை உயர்த்தினார், "ஒங்க வலி, எங்க வலி அல்ல… ஒடனே நிறுத்தணும்."

கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறினோம், ஆரியசாலை அண்ணனிடம் சொல்லிக்கொண்டு போக. நான் முன்னால், அவர் பின்னால். போனை எடுத்து ஹோட்டல் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பத்து மாதத்துக்கு முன்னால் என்னுடைய இதே வாய்தான் வரமாட்டார் என்று சொன்னது.

"அண்ணாச்சி, அவரு வாராரு. அரை நாளுதான். கல்லுக்குப் பக்கத்துல ஒரு ஃபேன் போடணும். குடிக்க ஒரு குடம் தண்ணி வைக்கணும். ஒரு ஸ்டூலும்… இல்ல, ஸ்டூல் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது."

அண்ணாச்சி ஏதோ சொன்னார், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. சிரித்தது மட்டும் கேட்டது. வழியெல்லாம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். ஒரு தரம் பார்த்தேன். ஒரே தரம்.

கிழக்கேகோட்டையில் பஸ் நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். அப்போது பின்னாலிருந்து பஸ்ஸே அதிர்கிற மாதிரி ஒரு குரல்:

"ஆள் இறங்ஙான் உண்டே!"

பஸ் முழுக்கச் சிரித்தது. "அண்ணா, இது லாஸ்ட் ஸ்டாப்பு" என்றார் கண்டக்டர். "எல்லாரும் இறங்ஙணும். டிரைவரும் இறங்ஙும்."

நான் முன்வாசலில் இறங்கியபோது அவர் பின்வாசலில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார். சேச்சி கொடுத்த தேங்காய்கள் இருந்த பைதான் இருப்பதிலேயே கனம். அதைக் கொடுத்தேன்.